சுவருக்கு அப்பால் மணி அடித்தவர்



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரே அழுகை. என் பேரனின் ரிமோட் கார் நின்றுபோய் விட்டது. சாத்தூர்த் தெருவில் நாலு சுற்று ஜோராக ஓடிய கார், ஐந்தாவது சுற்றில் தயங்கித் தயங்கி, அப்புறம் அசையவே இல்லை. பேரன் ரிமோட்டைத் தட்டினான், குலுக்கினான். கடைக்கு ஓடி ரிமோட்டுக்குப் புதுப் பேட்டரிக் கட்டை வாங்கிப் போட்டான். ஊஹூம்! ரிமோட் கெட்டுப் போச்சு, வேறு கார் வேண்டும் என்று அழ ஆரம்பித்து விட்டான்.

காரைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த மூடியைத் திறந்தோம். பேட்டரிக் கட்டையைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங்கில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. கட்டையைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் ஸ்பிரிங்கைத் தேய்த்தோம். திரும்பப் போட்டதும் கார் பாய்ந்து ஓடியது! குறை ரிமோட்டில் இல்லை. அரை அங்குல ஸ்பிரிங்கில்தான் இருந்தது.

பேரனுக்கு அன்று ராத்திரி ஒருவரின் கதையைச் சொன்னேன். கம்பியே இல்லாமல், மூன்று சுவர்களுக்கு அப்பால் இருந்த மணியை அடிக்க வைத்தவர் அவர். அவருக்கும் ஸ்பிரிங்கும் துருவும் பெரிய தொல்லை கொடுத்தன. அவர் யார் தெரியுமா? நம் நாட்டின் பெரிய விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ்! அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கொள்ளைக்காரரோடு பள்ளிக்கூடம்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பிறந்தார். பிறந்த ஊர் மைமன்சிங். அது இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி.

அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதுதான் வழக்கம். ஆனால் பகவான் சந்திரர், பிள்ளை முதலில் தாய்மொழியைக் கற்க வேண்டும், ஏழை எளியவரோடு பழக வேண்டும் என்று நினைத்தார். மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் வீட்டுப் பையனும், தம் வீட்டு வேலையாளின் பையனும் போஸுக்குத் தோழர்கள். ஆற்று மீன்களைப் பற்றியும், பறவைகளைப் பற்றியும், செடி கொடிகளைப் பற்றியும் அந்தப் பையன்கள் சொன்ன கதைகளை வாய் பிளந்து கேட்பார் குட்டி போஸ்.

அவரைப் பள்ளிக்கு அழைத்துப் போனவர் யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு பழைய கொள்ளைக்காரர்! அவரைச் சிறைக்கு அனுப்பியதே போஸின் அப்பாதான். விடுதலையாகி வந்து, பிழைக்க வழி இல்லையே என்று நின்றவருக்குத் தம் வீட்டிலேயே வேலை கொடுத்தார். தவறு செய்தவரையும் தூக்கி எறியக் கூடாது என்ற பாடத்தைப் போஸ் வீட்டிலேயே படித்து விட்டார்.

பிறகு கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) தூய சேவியர் கல்லூரியில் படித்தார். அங்கே பாதிரியார் லாஃபோன் இயற்பியலைச் சோதனை செய்து காட்டியே நடத்துவார். போஸுக்கு இயற்பியல் மீது ஆசை வந்தது அவரால்தான். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஆனால் விடாத காய்ச்சல்! மருத்துவத்தை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கே ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானி அவருக்கு ஆசிரியர்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885-ல் போஸ் நாடு திரும்பினார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அங்கே ஓர் அநியாயம் காத்திருந்தது. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதிதான் தருவோம் என்றார்கள். அதாவது மூன்றில் ஒரு பங்கு!

போஸ் என்ன செய்தார்? சண்டை போடவில்லை. வேலையை விட்டும் ஓடவில்லை. ஒழுங்காகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை. மூன்று வருடம்!

வீட்டிலோ கஷ்டம். தொழில்களில் போட்ட பணம் நஷ்டமாகி, அப்பா கடனில் இருந்தார். இந்த நேரத்தில்தான் 1887-ல் போஸுக்குத் திருமணம் நடந்தது. மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவம் படித்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்காத காலம் அது. அதனால் அவர் சென்னைக்கு வந்து படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. கல்கத்தாவில் வாடகை அதிகம் என்று, ஆற்றின் மறுகரையில் சந்தன்நகரில் இருவரும் குடியிருந்தார்கள். காலையில் படகில் ஆற்றைக் கடந்து கல்லூரிக்குப் புறப்படுவார் போஸ். அபலாவே துடுப்புப் போட்டுப் படகைத் திருப்பிக் கொண்டு வருவார்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. போஸை நிரந்தரப் பேராசிரியர் ஆக்கி, மூன்று வருட முழுச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போயிற்று.

குளியலறைப் பக்கத்தில் ஆய்வுக்கூடம்

1894, நவம்பர் 30. போஸுக்கு 36 வயது நிறைந்தது. இனி ஆராய்ச்சிதான் என் வாழ்க்கை என்று அன்று முடிவு செய்தார்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன், ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மின்பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்புகின்றன என்று காட்டியிருந்தார். அவைதான் ரேடியோ அலைகள். ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் பல அடி நீளம். அவற்றை ஆராய நீண்ட அறை வேண்டும். பெரிய கருவிகள் வேண்டும். போஸிடம் இருந்ததோ கல்லூரிக் குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன இடம். 24 சதுர அடி! நீங்கள் படுக்கும் கட்டில்கூட அதைவிடக் கொஞ்சம்தான் சிறியதாக இருக்கும்.

இடம் சின்னதா? சரி, அலையையும் சின்னதாக்கி விடுவோம் என்று நினைத்தார் போஸ். 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார். ஓர் அரிசியின் நீளம்தான்! கருவிகளும் ஒரு மேசையில் அடங்கி விட்டன. அவற்றைச் செய்ய அவருக்குத் துணை நின்றவர் படிப்பறிவு இல்லாத ஒரு தகர வேலைக்காரர். நம் சாத்தூரில் ஒரு காலத்தில் பேனா நிப்பு செய்து ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தார்களே, அதுபோல நுணுக்கமான கைவேலை. கை தேர்ந்தவருக்குப் பட்டம் எதற்கு?

மணி அடித்தது!

1895-ஆம் ஆண்டு. கல்கத்தாவில் ஒரு கூட்டம். தலைமை தாங்கியவர் வங்காளத்தின் துணை ஆளுநர். ஓர் அறையில் அலையை உண்டாக்கும் கருவி இருந்தது. அங்கிருந்து 75 அடி தூரத்தில், வேறோர் அறையில், ஒரு மணி, ஒரு கைத்துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்து ஆகியவை இருந்தன. நடுவில் மூன்று சுவர்கள். போதாதற்குத் துணை ஆளுநரே குறுக்கே நின்றிருந்தார்!

போஸ் கருவியை இயக்கினார். அங்கே மணி கணகணவென்று அடித்தது. துப்பாக்கி வெடித்தது. மருந்தும் வெடித்தது. எல்லோரும் திகைத்துப் போனார்கள். கம்பி இல்லை, கயிறு இல்லை. எப்படி?

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது, செல்வங்களே. அலை போய் மணியை அடிக்கவில்லை. அந்தச் சின்ன அலைக்கு அவ்வளவு பலம் கிடையாது! மணிக்குப் பக்கத்திலேயே ஒரு பேட்டரி இருந்தது. அலை வந்ததும், அதைப் பிடிக்கும் கருவி ஒரு சுவிட்ச் போல வேலை செய்து மின்சாரத்துக்கு வழி விட்டது. மணியை அடித்ததும் மருந்தைப் பற்ற வைத்ததும் பேட்டரியின் பலம்தான். அலை கொண்டு வந்தது கட்டளையை மட்டும்.

உங்கள் ரிமோட் காரும் இப்படித்தான். ரிமோட் கட்டளை போடுகிறது. சக்கரத்தைச் சுற்றுவது காரின் வயிற்றில் இருக்கும் பேட்டரி. என் பேரன் ரிமோட்டுக்கு மட்டும் புதுக் கட்டை போட்டானே, அது எப்படிப் பலிக்கும்? மாட்டுக்குத் தீனி போடாமல் வண்டிக்காரனுக்கு மட்டும் சோறு போட்ட கதைதான்!

அந்தச் சோதனைக்கு மூன்று வருடம் கழித்து, 1898-ல் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லா என்பவர் ரேடியோ அலையால் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அந்தப் படகின் வயிற்றிலும் பேட்டரி இருந்தது. இன்றைய ரிமோட் கார்களுக்கு அந்தப் படகு ஒரு பாட்டனார்.

ஒன்று சொல்லி விடுகிறேன். நம் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மருந்து என்றால் என்ன, அது எத்தனை வீடுகளை அழ வைத்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போஸ் செய்தது ஒரு விஞ்ஞானியின் கட்டுப்பாட்டில் நடந்த சோதனை. பேட்டரியையும் கம்பியையும் பட்டாசு, மருந்து பக்கம் ஒருநாளும் கொண்டு போகாதீர்கள். மணி அடிக்க வைப்பதே போதும்!

ஸ்பிரிங்கும் துருவும்

அலையைப் பிடிக்கும் கருவி சுவிட்ச் போல வேலை செய்தது என்றேன் அல்லவா? அதைச் செய்வதுதான் கடினம். 1890-ல் பிரான்ஸ் நாட்டு பிரான்லி என்பவர், கண்ணாடிக் குழாயில் இரும்புத் தூளைப் போட்டு ஒரு கருவி செய்திருந்தார். சாதாரணமாகத் தூள்கள் உதிரியாகக் கிடக்கும்; மின்சாரம் சரியாகப் போகாது. அலை பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டும், மின்சாரம் போகும். ஆனால் ஒட்டினால் ஒட்டியதுதான். ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டி உதிர்க்க வேண்டும். அது ஒரு தரம் வேலை செய்யும், ஒரு தரம் சண்டித்தனம் செய்யும்.

போஸ் தூளைத் தூக்கிப் போட்டார். மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள்களை, அதாவது சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளை, ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்தார். பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திருகி அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தையும் அளவாக மாற்றலாம். அழுத்தம் அதிகமானால் மின்சாரம் சும்மாவே ஓடும். குறைந்தால் அலை வந்தாலும் ஓடாது. சரியான இடத்தைப் பொறுமையாகத் தேடிப் பிடித்தார்.

அடுத்த தொல்லை வங்காளத்தின் வெயிலும் ஈரக்காற்றும்! எஃகு துருப்பிடித்தது. துருப்பிடித்த இடத்தில் மின்சாரம் ஒழுங்காகப் போகாது. என் பேரனின் காரில் வந்த அதே கோளாறு! போஸ் சலித்துக் கொள்ளவில்லை. எளிதில் துருப்பிடிக்காத கோபால்ட் என்ற உலோகத்தை ஸ்பிரிங்குகளின் மேல் முலாமாகப் பூசினார். கருவி மறுபடி சொன்ன பேச்சைக் கேட்டது.

இந்தக் கருவிகளோடு அவர் 1896-ல் இங்கிலாந்து போனார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சோதனைகளைச் செய்து காட்டினார். அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவர், 24 சதுர அடி இடத்தில் செய்த கருவிகளை வைத்துப் பாடம் நடத்த, உலகின் பெரிய விஞ்ஞானிகள் உட்கார்ந்து கேட்டார்கள்.

1899-ல் இரும்பும் பாதரசமும் வைத்த இன்னொரு கருவியைப் பற்றி எழுதினார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த செய்தியைக் கேட்டபோது, அதைப் போன்ற பாதரசக் கருவியைத்தான் பயன்படுத்தினார். அதே 1901-ல் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர், காப்புரிமைப் பத்திரத்தோடு போஸைத் தேடி வந்தார். நிறையப் பணம் வரும் என்றார். போஸ் மறுத்து விட்டார். அறிவு எல்லோருக்கும் சொந்தம் என்பது அவர் எண்ணம். நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரே ஒரு கருவிக்கு மட்டும் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் காசாக்கவில்லை. காலாவதியாக விட்டு விட்டார்.

கருவிக்குக் களைப்பு வருமா?

கருவியை நீண்ட நேரம் இயக்கினால் அது மந்தமாவதைப் போஸ் கவனித்தார். அலை வந்தாலும் சரியாக வேலை செய்யாது. சிறிது நேரம் சும்மா விட்டால் திரும்பவும் சுறுசுறுப்பாகி விடும். வேறொருவராக இருந்தால் கெட்டுப்போன கருவி என்று மூலையில் போட்டிருப்பார். போஸ் அந்தக் கோளாறையே உற்றுப் பார்த்தார். நாம் ஓடினால் களைக்கிறோம், உட்கார்ந்தால் தேறுகிறோம். இந்த உலோகமும் அப்படித்தானே செய்கிறது? அப்படியானால் செடி கொடிகள் எப்படி இருக்கும்?

அந்தக் கேள்வி அவரைச் செடிகளிடம் கொண்டு போய்ச் சேர்த்தது. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலை மூடுகிறதே, அப்போது அதற்குள் ஒரு மின் துடிப்பு ஓடுவதை அளந்தார். செடி வளர்வதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார்.

எல்லோரும் உடனே கைதட்டி விடவில்லை. 1901-ல் லண்டனில் உயிரியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். அவர் கட்டுரை அச்சேறாமல் நின்றது. போஸ் தளராமல் அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாக வெளியிட்டார். உலோகத்தையும் உயிரையும் ஒப்பிட்டு அவர் சொன்ன எல்லாவற்றையும் அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் செடிகளுக்குள் மின்சமிக்ஞை ஓடுகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

1917-ல் தம் 59-வது பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா போன்ற பெரிய விஞ்ஞானிகள் அவருடைய மாணவர்கள். 1937 நவம்பர் 23-ஆம் தேதி, 79-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடி என்ற ஊரில் காலமானார். 2012-ல் ஐ.இ.இ.இ. என்ற உலகப் பொறியாளர் அமைப்பு, அவருடைய அந்தச் சின்ன அலைச் சோதனைகளை மின்னியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது.

செல்வங்களே, ஒரு பொருள் வேலை செய்யாவிட்டால் நாம் முதலில் அதைத் திட்டுகிறோம், தட்டுகிறோம், தூக்கிப் போடுகிறோம். போஸ் அப்படிச் செய்யவில்லை. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டார். துரு அவருக்கு ஒரு பாடம் சொன்னது. களைப்பு இன்னொரு பாடம் சொன்னது. உங்கள் பொம்மைக் கார் நின்றாலும் அது உங்களுக்கு ஏதோ சொல்ல வருகிறது. கொஞ்சம் காது கொடுங்கள்!

உங்கள் கார் நின்று விட்டதா?

1. ரிமோட், கார் இரண்டின் சுவிட்சும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள்! பல நேரம் இதுதான் கோளாறு.

2. பேட்டரிக் கட்டையின் + முனையும் – முனையும் சரியான பக்கம் இருக்கின்றனவா? நாலு கட்டையில் ஒன்று திரும்பி இருந்தாலும் கார் சரியாக ஓடாது.

3. ஒரு கட்டை 1.5 வோல்ட் என்றால் நாலும் சேர்ந்து 6 வோல்ட். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பழைய கட்டை மற்றவற்றின் பலத்தையும் கெடுக்கும்.

4. ஸ்பிரிங்கில் பச்சை, வெள்ளை, துரு ஏதாவது இருக்கிறதா? கட்டையைக் கழற்றிவிட்டு, பெரியவர் துணையோடு உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் லேசாக இழுத்து விடுங்கள். அழுத்தம் முக்கியம் என்பதைப் போஸிடம் படித்தோம் அல்லவா?

5. காரைக் கையில் தூக்கினால் சக்கரம் சுற்றுகிறது, தரையில் வைத்தால் நிற்கிறதா? பேட்டரி தளர்ந்திருக்கலாம். பாரம் ஏறினால் மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும். தளர்ந்த பேட்டரியால் கொடுக்க முடியாது. அல்லது அச்சில் தலைமுடி, நூல், நம் ஊர்க் கரிசல் மண் சிக்கியிருக்கலாம். எடுத்து விடுங்கள்.

6. சிறிது நேரம் ஓய்வு கொடுத்ததும் கார் மறுபடி ஓடி, உடனே நிற்கிறதா? கட்டை தீரப் போகிறது என்று அர்த்தம்.

7. விளையாடி முடித்ததும் கட்டையைக் கழற்றி வையுங்கள். கசிவு வராது. உப்பிப் போன சார்ஜ் பேட்டரியைத் தொடாமல் பெரியவரிடம் சொல்லுங்கள். எந்தப் பேட்டரியையும் நெருப்பில் போடாதீர்கள். காரை வீட்டு மின்சாரப் பிளக்கில் நேராக இணைக்கவே கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் கார் ஓடவில்லையா? கவலை வேண்டாம். எவையெல்லாம் காரணம் இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியுமே! அதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு பழுது பார்ப்பவரிடம் போங்கள். அவருடைய பாதி வேலையை நீங்களே முடித்திருப்பீர்கள்.